கையெழுத்துப் போடாத வீடு

அந்தத் தெருவில் அவரைப் பல்லுக்காரர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். மருத்துவர் அல்ல, பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, வீட்டின் முன்னறையிலேயே பல் செட் செய்து கொடுப்பவர். முகம் தெரியாதவர்களின் தாடைகள் அவருடைய மேசையில் வெள்ளை வெளேரென்று வாய் பிளந்து வரிசையாக இருக்கும். மெழுகில் பல்லைப் பதித்து, ஈறு நிறம் பார்த்து, சின்ன மோட்டாரில் ராவித் தேய்த்து மெருகேற்றுவார். "பல்லுக்கு நான் ஜவாப்தாரி. சிரிக்க வேண்டியது அவங்க பாடு" என்பார்.

அவர் மனைவிக்கு முதுகெலும்பில் புற்று. நோய் வருவதற்கு முன்பு தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். யாருக்கும் தலை வணங்காத பெண்மணி என்று அங்கே பெயர். இப்போது வியாழக்கிழமைதோறும் மருத்துவமனைக்குப் போய் வர வேண்டும். வாசலில் ஐந்து படிகள். நடந்து இறங்க முடியாது; கைவைத்த நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கினால்தான் உண்டு.

அந்த இரண்டாவது ஆள் எதிர் வீட்டுக் கண்டக்டர். பேருந்தில் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிற மனிதர் வீட்டில் அப்படி மெதுவாகப் பேசுவார். வியாழக்கிழமை மாலை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டது இதற்காகத்தான் என்பதை அவர் சொல்லவில்லை. அவர் மனைவி, பள்ளிக்கூட டீச்சர், சொல்லித்தான் தெரிந்தது. நாற்காலியைத் தூக்கும்போது, "அக்கா, படியில நிக்காதீங்க, உள்ள நகருங்க" என்பார். வலியில் முகம் கோணியிருந்தாலும் பல்லுக்காரர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிடும்.

தெரு ஒரு காலத்தில் அமைதியானது. பெரிய சாலையில் சிக்னல் வந்ததும், அதில் நிற்கப் பொறுமையில்லாத கார்களெல்லாம் இந்தத் தெரு வழியாகக் குறுக்கே பாய ஆரம்பித்தன. பல்லுக்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு. அங்கே திரும்புகிற வண்டி எதிரில் ஆள் இருப்பதைப் பார்ப்பதற்குள் மேலே வந்துவிடும். ஒரு நாய் போயிற்று, பிறகு ஒரு சைக்கிள். சைக்கிளில் வந்த பெண் கை முறிவோடு பிழைத்தாள்.

டீச்சர்தான் வேகத்தடைக்கு அலைந்தார். சாலை அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள்: வளைவுக்கு இருபுறமும் உள்ள எட்டு வீடுகளும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு வீடு மறுத்தாலும் கோப்பு நகராது. ஏழு கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லுக்காரர் வீட்டுப் படியேறினார். உள்ளறையில் மனைவி மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

பல்லுக்காரர் படிவத்தை இரண்டு முறை படித்தார். "தடை எங்க வரும், டீச்சர்?"

"உங்க கேட்டுக்கும் வளைவுக்கும் நடுவுல ஒண்ணு, வளைவைத் தாண்டி ஒண்ணு அண்ணா."

"அப்ப ஒவ்வொரு வியாழக்கிழமையும் போகும்போது ரெண்டு குலுக்கல், வரும்போது ரெண்டு குலுக்கல். சின்னப் பள்ளத்துல இறங்கினாலே அவ துடிக்கிறதை நீங்க பார்த்ததில்ல. நான் பார்த்திருக்கேன். என்னால முடியாது டீச்சர்."

டீச்சர் பேனாவை நீட்டினார். "காரணத்தை இதுலயே எழுதிக் குடுத்துடுங்க அண்ணா. இல்லைன்னா திரும்பத் திரும்ப ஆள் அனுப்புவாங்க." அவர் எழுதினார்: மனைவியின் உடல்நிலை கருதிச் சம்மதமில்லை. டீச்சர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அக்காவுக்கு இது தெரிய வேண்டாம் என்று தானாகவே சொல்லிவிட்டுப் போனார். கண்டக்டரும் அடுத்த வியாழக்கிழமை வழக்கம்போல வந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. வாடகைக் கார் வாசலில் நிற்கிறது. மனைவி நாற்காலியில் கதவைப் பார்த்துத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். பல்லுக்காரர் கோப்புகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. கண்டக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டபடி தெருவில் இறங்கினார். நின்றுகொண்டிருந்த காரைச் சுற்றி வர வேண்டியிருந்தது. வளைவிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது.

பல்லுக்காரர் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார். மனைவி முழுவதையும் பார்த்தார். எழுந்திருக்க முடியாத அந்தப் பெண், நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்து நின்றுவிட்டார். அப்படியே விழுந்தார்.

கண்டக்டர் மருத்துவமனைக்குப் போய்ச் சேரவில்லை.

பத்து நாள் கழித்து, சாலை அலுவலகத்திலிருந்து ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். வாசலில் நின்று குறித்துக்கொண்டே, "கையெழுத்துப் போடாத வீடு இதுதானே சார்? மனைவிக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதியிருந்தீங்களே" என்றார். திட்டிப் பேசவில்லை, சரிபார்க்கக் கேட்டார், அவ்வளவுதான். முன்னறைக்கு மாற்றிப் போட்டிருந்த கட்டிலில் படுத்திருந்த மனைவி காதில் அது விழுந்தது.

அவர் போனதும் மனைவி கேட்டார். "என்ன கையெழுத்து?"

பல்லுக்காரர் ஒன்று விடாமல் சொன்னார்.

"என்னைக் கேட்டீங்களா?"

"உனக்கு வலிக்குமேன்னுதான்..."

"வலிக்கப் போறது எனக்கு. என்னை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன? என் உடம்பைச் சாக்கு சொல்லி எழுதிக் குடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?"

அதன்பிறகு அவரோடு பேசவில்லை. மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொண்டார். முதுகைத் துடைத்துவிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முப்பத்தோரு வருடத்தில் அவர்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. பேச்சை நிறுத்தியது இதுதான் முதல் தடவை.

பல்லுக்காரர் புதுப் படிவம் எழுதி, கையெழுத்துப் போட்டு, அலுவலகத்துக்கே எடுத்துப் போனார். மேசையில் இருந்தவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உயிர் போன இடத்துக்கு யார் சம்மதமும் தேவையில்ல சார். ஆர்டர் போட்டாச்சு."

"பரவாயில்ல. ஃபைல்ல வெச்சுக்குங்க."

"எதுக்கு சார்?"

பல்லுக்காரர் காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தார்.

நாற்காலி தூக்க ஆள் இல்லை. கார் டிரைவர் ஒரு தடவை கைகொடுத்தார்; மூன்றாவது படியில் நழுவி, மனைவி போட்ட அலறல் தெருக்கோடி வரை கேட்டது. அடுத்த வியாழக்கிழமை எதிர் வீட்டுக் கதவு திறந்தது. டீச்சர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தார். நேராக நாற்காலியிடம் போய், "அக்கா, கையை என் தோள்ல போட்டுக்குங்க" என்றார். பிறகு பல்லுக்காரரிடம் திரும்பினார்.

"அவர் இருந்திருந்தா வந்திருப்பார். அதான் வந்தேன். உங்க மேல எனக்கு மனசு ஆறல அண்ணா. ஆறும்னும் தோணல. நீங்க கால் பக்கம் பிடிங்க."

அவர் பிடித்தார்.

அதற்குள் தார் போட்டு, கறுப்பு மேடு இரண்டு எழும்பி, மேலே வெள்ளைக் கோடும் போட்டிருந்தார்கள். டிரைவர் யோசனையுள்ளவர். "அம்மா, பின்பக்கமா சுத்திப் போயிடலாம். ஒரு கால்மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்" என்றார்.

"வேண்டாம்" என்றார் மனைவி. "இப்படியே போங்க."

கார் இரண்டு மேட்டிலும் ஏறி இறங்கியது. அவர் நகம் பல்லுக்காரரின் மணிக்கட்டில் பதிந்தது. மேலுதட்டில் வியர்வை பூத்தது. சத்தம் வரவில்லை. கார் பெரிய சாலைக்குத் திரும்பிய பிறகு மூச்சை விட்டார்.

"இவ்வளவுதானா?" என்றார். "தாங்கிக்கலாம். இதைத் தாங்கியிருப்பேன் நான்."

அவர் அதைக் கோபத்தில் சொல்லியிருந்தால் பல்லுக்காரர் எப்படியோ பொறுத்துக்கொண்டிருப்பார். தனக்குத்தானே கணக்குப் பார்த்துச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

ஒன்பது வாரம் அதே வழியில்தான் போய் வந்தார்கள். சுற்றிப் போகலாம் என்று பல்லுக்காரர் கெஞ்சிப் பார்த்தார், கேட்கவில்லை. ஒன்பதாவது வாரம், இனிமேல் அழைத்து வர வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கடைசி நாட்களில் மனைவி அவரிடம் பேசினார். தண்ணீர் கேட்டார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார், ஒருநாள் அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். "என் மேல கோபம் போயிடுச்சா?" என்று பல்லுக்காரர் கேட்டபோது, கண்ணை மூடிக்கொண்டே, "அதை மட்டும் கேட்காதீங்க" என்றார். மூன்றாம் நாள் மதியம் உயிர் பிரிந்தது. டீச்சர்தான் வந்து கண்களை மூடி, தலை வாரிவிட்டார்.

அதற்குப் பிறகு பல்லுக்காரர் ஒருமுறை எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். என்ன சொல்வது என்று பல நாள் யோசித்து வைத்திருந்தது எல்லாம், டீச்சர் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோயிற்று. டீச்சர் கதவை முழுசாகத் திறக்கவில்லை.

"உள்ள வாங்கன்னு சொல்ல இன்னிக்கு வாய் வரல அண்ணா" என்றார். "இன்னொரு நாள் வாங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கினார். மறுவாரம் போகலாம் என்று சட்டை மாற்றிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார். டீச்சர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒரு கார் வேகத்தைக் குறைத்து, ஏறி இறங்கிப் போயிற்று. அவர் திரும்பி முன்னறைக்குப் போய் மோட்டாரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் காலைக்குள் கொடுக்க வேண்டிய மேல்தாடை ஒன்று மேசையில் இருந்தது.