சட்டைப்பையிலிருந்து எடுத்த சீட்டு

ஷேக் தாவூதுக்கு இருபத்தாறு வயது. மதுரை காளவாசலில் கடிகாரம் பழுது பார்ப்பவன். பிறவியிலேயே அவனுக்கு ரத்தம் உறையாது. ஊரார்க்கு முழங்காலில் அடிபட்டால் ஒரு தடவு தடவிவிட்டுப் போவார்கள். அவனுக்கு ஒரு மாதப் படுக்கை. அவன் பஸ் ஏறினாலே பெற்றவள் மைதீன் பீவி, அவன் திரும்பும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள்.

அத்தா இல்லாத வீடு. தங்கை அமீருன்னிசாவுக்குத் தொண்டியில் சம்பந்தம் கூடிவந்தபோது, பேசி முடிக்க அண்ணன்தான் போயாக வேண்டியிருந்தது. தாவூது நாலு நாள் முன்பே ஆயத்தமானான். முழங்காலுக்குச் சுற்றுத்துணி, பிளாஸ்கில் ஐஸ், குலுங்காத முன்சீட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு: ரத்தம் உறையாத நோய், இடுப்பில் ஊசி கூடாது, கண்ட வலி மாத்திரை கூடாது, உடனே மதுரைக்கு அனுப்பவும்.

அந்தச் சீட்டுதான் மைதீன் பீவியை அரித்தது. இந்த நோய் தாய்வழி வருவது, மகள் வயிற்றுப் பிள்ளைக்கும் வரலாம் என்று அதே டாக்டர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டில் சட்டையைக் கழற்றி மாட்டுவான், எவளாவது கையை விட்டால்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பாவி மனுஷி, கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்த சீட்டை உருவிக்கொண்டாள். அங்கே வாயைத் திறக்க மாட்டேன் என்று தங்கச்சி பேரில் சத்தியமும் வாங்கினாள். போக ஒரு நாள், வர ஒரு நாள், அதற்குள் என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சிவகங்கை தாண்டி மாடு குறுக்கே வர, டிரைவர் பிரேக் போட்டார். முழங்கால் கம்பியில் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போய்ப் பேச்சை நல்லபடியாக முடித்தான். சாயங்காலம் கால் பூசணிக்காயாக வீங்கியது. மாப்பிள்ளையின் மாமு பதறிப்போய் ஒரு கம்பவுண்டரிடம் கூட்டிப்போனார். இடுப்பில் ஊசி, கை நிறைய மாத்திரை.

மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இடுப்பு கறுத்துக் கல்லாகியிருந்தது. வாயில் ரத்தம் வந்தது. ஊசி வேண்டாமென்று ஏன் சொல்லவில்லை என்று மைதீன் பீவி அழுதாள்.

"அவுக மாமு பக்கத்துலயே நின்னாகம்மா. எப்பிடிச் சொல்றது?"

மூன்றாம் நாள் உயிர் பிரிந்து மவுத்தானான்.

தொண்டியிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் மைதீன் பீவியைக் கட்டிக்கொண்டு மனசார அழுதாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தம்பிக்கு முன்னமே ஏதும் சீக்கு இருந்ததா என்று கேட்டாள். ஜனாஸாவை இன்னும் அடக்கத்துக்கு எடுக்கவில்லை. நிலைப்படியில் நின்ற அமீருன்னிசா அம்மாவின் வாயையே பார்த்தாள்.

"சீக்கெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றாள் மைதீன் பீவி. "பஸ்ல அடிபட்டுட்டான்."