கதவின்மேல் படுத்த மழைக்காலம்

திருவொற்றியூரில் என் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் வாசலில் கொஞ்சம் தயங்கி நிற்பார்கள். இரண்டு மாடி வீடு. ஒவ்வொரு செங்கல்லையும் நானே தட்டிப் பார்த்து வாங்கிக் கட்டியது. வாசலில் மட்டும் ஓரம் தேய்ந்த பழைய தேக்குக் கதவு ஒன்று, திருகாணி ஓட்டைகளோடு நிற்கும். பெரியவருக்கு நல்ல கதவு போட மனசு வரவில்லை என்று பேசிக்கொள்வதும் என் காதில் விழுந்திருக்கிறது. பேசட்டும். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். மூட்டை தூக்கி, பிறகு தூக்க ஆள் வைத்து, பிறகு லாரி வாங்கி நிமிர்ந்தவன். எண்பதைத் தாண்டியும் இந்தத் தெருவில் கைத்தடி இல்லாமல் நடக்கிறவன் நான் ஒருத்தன்தான். அந்த நிமிர்வுக்குக் காரணம் இந்தக் கதவு. இதை ஒரு மழைக்காலத்தில் கழற்றிப் போட்டவள் என் வீட்டுக்காரி.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்ட சமயம் அது. ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறையில் குடியிருந்தோம். ஹார்பரில் எனக்கு மூட்டை வேலை. எனக்கு இணையாகத் தூக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, அன்றைக்குக் கூட இருந்தவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள், அவர்கள் உயிரோடு இருந்தால். கை கொஞ்சம் தாராளமாக இருந்த ஒரு வாரம், ஏலத்தில் வந்த ஸ்பிரிங் கட்டில் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். அதன்மேல் தடிமனாய் ஓர் இலவம்பஞ்சு மெத்தை, தலைக்கு இரண்டு தலையணை. சந்து முழுக்க வந்து பார்த்தது. பாயைத் தவிர வேறு படுக்கை அறியாத இடத்தில் அது பெரிய சங்கதி. என் வீட்டுக்காரி மட்டும் கையால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, தூளி மாதிரி கீது? நீ இன்னா கைக்கொயந்தையா?"

"தொரைங்க படுக்கிற கட்டிலுடி. ஒனக்கு இன்னா தெரியும்?"

"தொர மூட்டையா தூக்கறான்?" என்றவள் தன் பாயைக் கீழேயே விரித்துக்கொண்டாள். கடைசிவரை அந்தக் கட்டிலில் அவள் உட்கார்ந்ததுகூட இல்லை.

பகல் முழுக்க மூட்டைக்குக் கீழே வளைந்த முதுகு, படுத்தாலும் கட்டிலின் குழிக்குள் வளைந்தே கிடந்தது. இரண்டு தலையணையில் கழுத்து வேறு முன்னால் மடிந்திருந்தது. இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. எழுந்திருக்கும்போதுதான் இடுப்பில் யாரோ கம்பியை முறுக்கினாற்போல இருக்கும். குனிந்தபடியே குழாயடிவரை போய், அங்கேதான் மெல்ல நிமிர்வேன். "இன்னாடி, ஒன் ஊட்டுக்காரரு கீய காசு தேடிக்கினு போறாரா?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்க, குழாயடியே சிரிக்கும். அப்போதும் நான் கட்டிலை விடவில்லை. நான் வாங்கிய பொருள் என்னைக் கெடுக்குமா என்ற நினைப்பு.

ஐப்பசி மழை பிடித்த ஒரு நாள், கப்பலின் அடித்தளத்தில் மூட்டைக்குக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பொங்கலுக்குப் பிறகு ஒரு கும்பலுக்கு என்னைத் தலையாளாகப் போடுவதாக மேஸ்திரி சொல்லிவைத்திருந்த நேரம். இடுப்புப் போன ஆளை ஹார்பரில் யார் தேடுவார்கள்? அறையைக் காலி செய்துவிட்டு, எர்ணாவூரில் அவள் அண்ணன் வீட்டில் போய்ச் சோற்றுக்கு உட்கார வேண்டியதுதான் மிச்சம். என்னைப்போல ஒருத்தனுக்கு அதைவிடச் சாவு மேல்.

எண்ணெய் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம், கேட்கவில்லை. அவள் மட்டும் எதையோ யோசித்தபடி இருந்தாள். "எங்கண்ணன் வூட்டுக்குப் போனோமே, படகுப் பலகை மேல படுத்துத் தூங்கினியே, அன்னிக்கு நேரா எந்திரிச்ச. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றாள். உண்மைதான். ஆனால் பலகைக்கு எங்கே போவது? டீக்கடை பெஞ்சு அரை முதுகுக்குக்கூடக் காணாது. தரையோ மேடும் பள்ளமும். மழைக்கு ஈரம் கசிந்து ஐஸாக இருந்தது. அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவளின் கண் வாசலில் போய் நின்றது. பக்கத்து வீட்டம்மாவின் புருஷன் பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அவர் வைத்திருந்த திருப்புளியை வாங்கி வந்து, மழைச் சாரலில் நின்று கதவைக் கழற்றினாள். நாலு மூலைக்கும் செங்கல் கொடுத்துக் கிடத்தி, ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டாள். என் துரைக் கட்டிலை நிமிர்த்தி வாசலில் சாத்திச் சாக்கைக் கட்டினாள். கதவு கட்டிலாயிற்று, கட்டில் கதவாயிற்று.

படுக்கிற விதத்தையும் அவள்தான் திருத்தினாள். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் சுருட்டிய பழம்புடவை. ஒருக்களித்தால் அதுவே முழங்கால்களுக்கு நடுவில். குப்புறப் படுக்கவே கூடாது. தலைக்கு மடித்த துண்டு ஒன்றுதான். எழும்போது விருட்டென்று எழாமல், பக்கவாட்டில் திரும்பி, காலை இறக்கி, கையை ஊன்றி எழ வேண்டும். எந்த நிலையில் நான் முனகுகிறேன், எதில் முனகாமல் தூங்குகிறேன் என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். இந்த வயதில் பெரிய டாக்டர்கள் எனக்குச் சொல்வதும் இதையேதான். என்ன, அவர்கள் படம் போட்டுக் காட்டுகிறார்கள்.

சாத்தி வைத்த கட்டிலை யார் தள்ளினாலும் விழும். அதனால் அந்த மழைக்காலம் முழுக்க, பக்கத்தில் அரிவாள்மனையை வைத்துக்கொண்டு வாசலுக்குக் குறுக்கேதான் அவள் படுத்தாள். சாக்குக்கு அடியில் புகுந்த சாரல் அவள் பாயில்தான் இறங்கியது. எனக்குச் சொன்ன விதி எதுவும் அவளுக்குக் கிடையாது. சுருண்டு கிடப்பாள், அவ்வளவுதான்.

வாடகை வாங்க வந்த வீட்டுச் சொந்தக்கார பாய், வாசலைப் பார்த்து அதிர்ந்துபோனார். "ஏம்மா, கதவு எங்கம்மா? வித்துட்டியா?"

"எங்கியும் போவல பாய். உள்ள படுத்துக்கினு கீது. அதும்மேல எம்புருஷன் படுத்துக்கினு கீறாரு. வோணும்னா அவர எந்திரிக்க வச்சிட்டு எட்துக்கினு போ."

பாய் எட்டிப் பார்த்தார். படுத்தபடியே ஒரு சலாம் வைத்தேன். கோபமாக வந்தவர் சிரித்துவிட்டார். "பேஜாரு புடிச்ச பொம்பளைம்மா நீ! அவன் எந்திரிச்சதும் ஒரு ஆணி கொறையாம மாட்டிடணும், ஆமா."

பொங்கலுக்கு முன்பே எழுந்துவிட்டேன். குழாயடிக்கு நேராக நடந்து போன காலையில், "காசு கெடச்சிட்ச்சா?" என்றார் பக்கத்து வீட்டம்மா. கும்பலுக்குத் தலையாளானேன். அதற்குப் பிறகு நடந்த என் வளர்ச்சியை இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொந்த வீடு கட்டியபோது பாயிடம் போய் அந்தக் கதவைக் கேட்டு வாங்கி வந்தேன். அவருக்குப் புதுக் கதவு ஒன்று செய்து கொடுத்தேன். "கிறுக்காய்யா ஒனக்கு?" என்றாள் என் வீட்டுக்காரி. ஆனால் கதவை மாட்டும்போது ஆசாரிக்குப் பக்கத்திலிருந்து அவள் நகரவில்லை.

அவள் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. போன மழைக்கு என் மகன் ஒரு தடித்த மெத்தையை வாங்கிப் போட்டான். உட்கார்ந்தால் ஆளையே விழுங்குகிறது. நாலே நாளில் இடுப்பு பழைய பாட்டைப் பாட ஆரம்பித்தது. "வாசக் கதவைக் கழட்டிக் கொண்டாந்து போடுடா" என்றேன்.

"கயட்டிடலாம்பா. அப்பறம் வூடு தொறந்து கெடக்குமே, வாசல்ல யாரு படுக்கறது?"

சாதாரணமாகத்தான் கேட்டான். அந்த மழைக்காலத்தில் அவன் பிறக்கவே இல்லை. இருக்கட்டும் விடு என்றேன். மரக்கடையிலிருந்து புதுப் பலகை ஒன்று வந்தது. குறை சொல்ல முடியாத பலகை. காலையில் பக்கவாட்டில் திரும்பி, காலை இறக்கி, கையை ஊன்றி எழுகிறேன். மருமகள் எழுவதற்குள் நானே போய் அந்தக் கதவைத் திறந்துவிட்டு, வாசலுக்குக் குறுக்கே சற்று உட்கார்ந்திருக்கிறேன்.