என் வீட்டுக்காரர் அடித்த துரு

என் வீட்டுக்காரரைப் போல ஒரு கிறுக்கரை நான் பார்த்ததில்லை. எல்லோரும் பழைய சைக்கிளைக் கொடுத்துப் புதுசாக்கச் சொல்வார்கள். இவரிடம் புதுச் சைக்கிளைக் கொடுத்து நாற்பது வருடப் பழசாக்கச் சொல்வார்கள். ஓட்டுவதற்கு இல்லை, துணிக்கடைக் கண்ணாடிக்குள் நிறுத்தி வைக்க, ஹோட்டல் வாசலில் பூத்தொட்டி மாட்ட. இதற்கும் ஆள் இருக்கிறது, என்ன செய்ய!

வேலையைப் பார்த்தால் அடிதடி மாதிரிதான் இருக்கும். பிரேமுக்கு முதலில் சாம்பல் நிற ப்ரைமர், அதன்மேல் முழுக்கத் துரு நிறப் பெயிண்ட். காய்ந்ததும் தேய வேண்டிய இடங்களில் மட்டும் பெயிண்ட் ஒட்டாமல் இருக்க வாஸ்லைன் தடவி, மேலே பச்சை அடிப்பார். பிறகு சாவிக்கொத்தால் விளாசுவார், செயினால் சாத்துவார், கம்பி பிரஷ் போட்டு உராய்வார். வாஸ்லைன் தடவிய இடமெல்லாம் பச்சை உரிந்து துரு எட்டிப் பார்க்கும். அடிப்பக்கத்தில் மட்டும் இந்தப் பூச்செல்லாம் கிடையாது. அங்கே வெறும் இரும்பில் உப்புத் தண்ணீர் ஊற்றி நிஜமாகவே துருப்பிடிக்க விடுவார்.

அதோடு விட்டால் பரவாயில்லை. "கற்பனையில தேய்ச்சா பொய் பல்லை இளிச்சிடும்டி" என்பார். நிஜமாக ஓடித் தேய்ந்த ஒரு சைக்கிளைப் பார்த்துத்தான் ஒவ்வொரு கீறலையும் போடுவார். இந்த முறை அவர் கண்ணில் பட்டது எங்கள் பட்டறைக்கு எதிரே இருந்த அச்சகத்தில் வேலை செய்தவனின் பச்சைச் சைக்கிள். தினமும் அது எதிரே நிற்கும். இவர் போய்க் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு வருவார். வேலை பாதியில் இருக்கும்போதே அந்த ஆள் வராமல் போனான், சைக்கிளும் போயிற்று. வேறு வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். மீதியை இவர் ஞாபகத்திலிருந்தே மெல்ல மெல்லச் செய்துகொண்டிருந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், காய்வதற்காக வாசலில் தொங்கிய பிரேமின் முன்னால் மூன்று பேர் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவன் அச்சகத்தில் வேலை செய்தவனின் அண்ணன்.

"இது என் தம்பி சைக்கிள். அவன் எங்கடா?"

"இல்லைங்க, இது நான் பண்ணது. உங்க தம்பி சைக்கிளைத் தினம் பாத்துப் பாத்துதான் பண்ணேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆளில்லை.

"அப்ப அவனைத் தினமும் நோட்டம் விட்டிருக்க!" என்று அண்ணன்காரன் விட்ட அறையில் இவர் பெயிண்ட் டப்பாக்களோடு சரிந்தார். அவன் பிரேமைக் கவிழ்த்துப் பார்த்தான். பெடல் அச்சுக்குக் கீழே கம்பெனி நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பட்டி வைத்து அடைத்திருந்தது.

"நம்பரை ஏண்டா மறைச்ச?"

"பழசுல நம்பர் தெரியாதுங்க, அதனாலதான்..."

முடிக்கவில்லை. காற்றடிக்கும் பம்பால் வாயிலேயே ஒரு போடு. இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. மற்ற இருவரும் அவரை இழுத்து, பட்டறை மேசையில் இருந்த, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் வாய்க்குள் வலது கை விரல்களைத் திணித்தார்கள். தடுக்கப் போன என்னை அவர்களில் ஒருவன் பிடித்துக்கொண்டான். அண்ணன்காரன் பிடியைச் சுற்றினான்.

"தம்பியை என்ன பண்ணேன்னு சொல்லு. சொல்ற வரைக்கும் சுத்துவேன்."

ஐயோ, அந்தக் கை! அது இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அதைவிட, அது இல்லாவிட்டால் அந்த மனுஷனே இல்லை. என்னைப் பிடித்தவனின் மணிக்கட்டைக் கடித்துவிட்டுத் திமிறிப் பட்டி தடவும் தகட்டை எடுத்தேன்.

"சுரண்டிக் காட்டறேன் பாருங்கடா, உள்ள எல்லாம் புதுசு!"

முன்பக்கக் குழாயில் தகட்டை வைத்ததும் வைஸிலிருந்து இவர் அலறினார். "முன்னாடி கை வைக்காதடி! நாலு நாள் வேலை அது! அடியில சுரண்டு!"

புத்தி கெட்ட நான் அந்தப் பேச்சைக் கேட்டேன். அடியில் சுரண்டினால் நிஜத் துரு பொலபொலவென்று உதிர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு அண்ணன்காரன் இன்னும் ஒரு சுற்று சுற்றினான். படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பக்கவாட்டில் கசிந்த ரத்தம் மேசை விளிம்பு வரை ஓடியது.

"நாசமாப் போக உங்க நாலு நாள் வேலை!" என்று கத்திக்கொண்டே முன்பக்கக் குழாயை வறட்டு வறட்டென்று சுரண்டினேன். பச்சை போனது, அதன் கீழே துரு நிறம், அதன் கீழே சாம்பல், கடைசியில் கடையில் வாங்கிய பாத்திரம் மாதிரி இரும்பு பளபளத்தது. பிரேமைத் தூக்கி அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன்.

"துருக் கலரை அடிச்சிட்டு அதுக்கு மேல எந்தக் கம்பெனிக்காரன்டா பச்சை அடிப்பான்? கண்ணைத் திறந்து பாரு!"

அவன் விரலால் தடவிப் பார்த்தான். ஒவ்வொரு நிறமாகப் பார்த்தான். வைஸை அவனே தளர்த்தினான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மூணு மாசமா தேடறோம். இதைப் பாத்ததும் அவனே கிடைச்சிட்டான்னு நினைச்சேன்" என்றான்.

எனக்கு இரக்கம் வரவில்லை. கையில் இருந்த தகட்டால் அவன் கழுத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் என்ன என்றுதான் தோன்றியது. அவனோ பிரேமின் குறுக்குப் பாரைத் தொட்டுக்கொண்டிருந்தான்.

"இது அவன் முட்டி உரசற இடம். அப்படியே இருக்கு. எங்கம்மாகிட்ட காட்டணும். எனக்குக் குடுத்துடுங்க."

வாயில் ரத்தம் ஒழுக ஒழுக என் வீட்டுக்காரர் சொன்னார்: "முன்பக்கம் கெட்டுப்போச்சுங்க. இப்படியே குடுக்க மனசு வரலை. சரி பண்ணித் தரேன்."

"எந்தக் கையால?" என்று நான் கத்தினேன்.

அப்போதுதான் அவர் தன் கையைப் பார்த்தார். அவ்வளவு அடிக்கும் அழாத மனுஷன், பார்த்துவிட்டு ஓவென்று அழுதார்.