ஷைஜா திறந்த பின்கதவு

ஷைஜாவ வாயாடின்னு சொல்லுதவன் ஆராயிருந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லட்டு. கடியப்பட்டணத்துல மீன் யாவாரம் செய்யுத வீட்டுப் பொண்ணு. சத்தம் கொஞ்சம் கூடத்தான். அதுக்கென்ன? அவளுக்க சம்பளத்துலதான் அம்மைக்க மருந்தும் தம்பிக்க படிப்பும் நடக்கு.

நாங்க ரெண்டுபேரும் மார்த்தாண்டத்துல, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் பில்லு அடிக்குத ஆபீஸ்ல வேல பாக்கோம். மூணாவது மாடி. கீழ பூரா மெத்தைக் கடை. தீப்பிடிச்சா எறங்கதுக்குன்னு பின்னால ஒரு இரும்புப் படி உண்டு. பைக்ல அடிபட்டதுலேருந்து எனக்கு ஊன்றுகோல்தான். அதனால பின்கதவுப் பக்கத்துல சீட்டு தந்தாங்க.

டிசம்பர் வந்தா அந்தக் கதவ அடைச்சு முதலாளி சகாயம் சார் கிறிஸ்மஸ் புல்கூடு, அதான் குடில், கட்டுவாரு. ஆள் உயரத்துக்கு வைக்கோல், அதுமேல சீரியல் பல்பு! போன வருசம் ஒரு வயர் பொகைஞ்சுது. எல்லாரும் சிரிச்சாவ. நான் மட்டும் ஊன்றுகோலத் தேடினேன்.

இந்த வருசம் ஷைஜா எழும்பிட்டா. "சார், வழிய விட்டுட்டுக் கட்டுங்க. லீமா எப்படி எறங்குவா?"ன்னு என்னக் காட்டிக் கேட்டா.

"கர்த்தர் பாத்துக்கிடுவாரு பிள்ளே."

"கர்த்தருதான் கதவு வச்சுத் தந்திருக்காரு. நீங்கதான அடைக்கிய!"

சாருக்கு மூஞ்சி செவந்துட்டு. "இருபத்துநாலாந்தேதி சாயங்காலம் பாலன் இயேசுவ வைப்பேன். வச்ச பொறவு ஜனவரி ஆறு, மூணு ராஜாக்கள் பெருநாள் வரை ஆரும் அசைக்கப்படாது. தொட்டா வேல கெடையாது."

இருபத்துநாலு மத்தியானம் சார் சாப்பிடப் போனாரு. ஷைஜா சேலைய இழுத்துச் சொருவிட்டு, கதவ அடைச்சுக் கட்டியிருந்த வைக்கோல வாரினா. நேரா சாருக்க ரூமு. அவரு மேசை மேலேயே கூட்டக் கட்டி, பாலனயும் வச்சுட்டா. துருப்பிடிச்ச தாழ்ப்பாளுக்குத் தேங்காண்ணெ விட்டு, பின்கதவத் தெறந்தா. காத்து அடிச்சுது பாருங்க, எனக்கு அழுகை வந்துட்டு.

சார் வந்து நின்ன நிப்பு! "எடுட்டி அத!"

"அசைக்கப்படாது சார். பாலன வச்சாச்சு."

ஒருத்தரும் சிரிக்கல்ல. சிரிக்க பயம். சார் பல்லக் கடிச்சாரு. "நாளைக்கழிச்சு வரண்டாம். வாட்ச்மேன் உன்ன விடமாட்டான்."

"அதையும் பாப்போம்" அப்படீன்னுட்டு அவ பையத் தூக்கிட்டுப் போனா.

கிறிஸ்மஸ் கழிஞ்ச மறுநாள், முன்வாசல்ல வாட்ச்மேன் அவள மறிச்சான். கொஞ்ச நேரத்துல பின்னால இரும்புப் படி தடதடன்னு சத்தம் போட்டுது. அந்தக் கதவு உள்ளேருந்துதான் தெறக்கும். நான் ஊன்றுகோல ஊனி எழும்பினேன்.

சார் ஷைஜாவப் பாத்துக் கத்தினாரு: "ஆரு இவள உள்ள விட்டது?"

"நாந்தான் சார்"ன்னேன். "எனக்கு எறங்கதுக்கு வழி தந்தவளுக்கு, ஏறதுக்கு நான் தெறந்து விட்டேன். ரெண்டுபேரையும் சேத்து அனுப்புங்க."

ஷைஜா அவளுக்க சீட்டுல போய் இருந்து பில்லு அடிக்கத் தொடங்கினா. நான் கதவச் சாத்தல்ல.