நீலத்துக்குப் பதில் பழுப்பு

வரி வரியாக எழுதிக் கொடுத்தால் ஒயரிங் படம் வரைந்து தரும் ஒரு மென்பொருள் இருக்கிறது. நாம் தப்பாக எழுதினால் அது சொல்லிவிடும் என்று நம்பினேன். ஐம்பது வயதில் அப்படியொரு நம்பிக்கை. சிரித்துக்கொள்ளுங்கள்.

ஏன் நம்பமாட்டேன்? வரியின் முன்னால் ஓர் இடைவெளி குறைந்தால் போதும், சிவப்பு எழுத்தில் திட்டித் தீர்க்கும். மூன்று நாள் திட்டு வாங்கினேன். அவ்வளவு கறாரான ஆள் கடைசியில் மூச்சுக் காட்டாமல் கலர் கலராகப் படம் போட்டுக் கொடுத்தால், எல்லாம் சரி என்றுதானே எவனும் நினைப்பான்?

படம் மரக்காணத்து உப்பளம் ஒன்றுக்கு. உப்பங்கழித் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை, நிரம்பியதும் ஒரு மிதவை நிறுத்த வேண்டும். மிதவையின் கறுப்பு ஒயரோடு நீலத்தைச் சேர்த்தால் நிற்கும். பழுப்பைச் சேர்த்தால் எல்லாம் தலைகீழ்: நிரம்பிய பிறகுதான் ஓடும். தண்ணீர் கரை தாண்டி, மறுநாள் வாரவிருக்கும் உப்பையெல்லாம் கரைத்துவிடும் என்பது என் கணக்கு.

கூனிமேட்டு ஃபிட்டர் பாய்க்குப் படத்தை அனுப்பிவிட்டேன். அவர் வேலையை முடித்திருக்கும் நேரத்தில், டீக்கடையில் பெருமையோடு அதை இன்னொரு முறை திறந்தேன். பழுப்பு. நானே அடித்த பழுப்பு. அந்த மென்பொருள் அதற்கு ஒரு முனகல்கூட முனகவில்லை!

பாய் போன் எடுக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை விரட்டினேன். மோட்டார் ஓடும் சத்தம் சாலைக்கே கேட்டது. வரப்பில் ஓடி, வழுக்கி, சேற்றில் உட்கார்ந்து, "நிறுத்துங்க! உப்பு போச்சு!" என்று கத்தினேன்.

உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த அம்மா, "ஏம்பா, யாருக்கு என்னா ஆச்சின்னு இப்படி ஓடியார்ற? தொட்டியே இன்னும் பாதிதான் ரொம்பியிருக்குது" என்றார்.

"ரொம்பினாலும் நிக்காதும்மா!"

மோட்டார் சுவிட்சுப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பாய் எட்டிப் பார்த்தார். "அண்ணே, பழுப்புல குடுத்திருந்தா ரொம்பாத தொட்டிக்கு மோட்டார் ஓடுமா?"

ஓடாது. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

"மொதல்ல உங்க படம் மாதிரியே குடுத்தேன். ஓடவேயில்ல. நீலத்துல மாத்திட்டேன்."

"மாத்தினவரு ஒரு போன் பண்ணக் கூடாதா பாய்?"

"மூணு நாளு உக்காந்து வரைஞ்சீங்களேண்ணே. மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மென்பொருளும் சொல்லவில்லை, மனிதரும் சொல்லவில்லை! இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே, வேட்டியில் சேறு காய, தொட்டி நிரம்பும்வரை அங்கேயே நின்றேன்.

தொட்டி நிரம்பியது. மிதவை எழும்பியது. மோட்டார் நின்றது. மறுநாள் உப்பு வாரினார்கள்.