கரிப்பன்றியைப் பார்க்கப் போன நாள்

"ஹைசுங்" என்று நாங்கள் சொல்லக் கற்றுக்கொண்ட வெப்பக் குழாயின் மேல் ஈரக் கம்பளிக் காலுறைகள் காயும்போது எழும் புளித்த வாடைதான், எண்பதுகளின் நடுவில், அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை நானும் அப்பாவும் அம்மாவும் சுவிஸ் நாட்டின் ஓஸ்டர்முண்டிகனில் அடைந்து கிடந்த ஒற்றை அறையின் வாடை. பேர்ன் மாநிலத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியேறக் கூடாது என்று எங்கள் அட்டையில் எழுதியிருந்தது. அப்பாவோ கடைக்குப் போனாலும் சுவரோரமாகவே நடப்பார். "இருக்கிற இடம் தெரியாமல் இருக்கோணும்" என்பது அவருடைய வாய்ச்சொல்.

எனக்குப் பத்து வயது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டின் சதுப்புகளில் திரிந்து முற்றாக அழிந்துபோன, பன்றியைப் போன்ற ஆந்திரகோதீரியம் என்ற பேரினத்தைப் பற்றி வகுப்பில் படித்தோம். நிலக்கரிச் சுரங்கத்தில் எலும்பு அகப்பட்டதால் நான் அதற்கு "கரிப்பன்றி" என்று பெயர் வைத்திருந்தேன். அதன் தாடையைப் பார்க்க வகுப்பு லொசானுக்குப் போவதாக இருந்தது. நன்றாகப் படம் வரைந்ததால், அதன் முன் நின்று பேச ஆசிரியை என்னைத் தெரிவுசெய்தார். லொசான் வேறு மாநிலம். சம்மதக் கடிதத்தில் அப்பாவின் தமிழ்க் கையெழுத்தை நானே வைத்தேன்.

பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்த இரண்டு தடவையும் ரயிலின் கழிப்பறைக்குள் தாழிட்டுக்கொண்டு நின்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கறுத்த பற்களோடு தாடை மட்டும் இருந்தது. பாடமாக்கியதை ஒப்பித்தபோதும் என் கண் வாசலிலேயே இருந்தது.

அடுத்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் வகுப்பின் படம் வந்தது, தாடைக்குப் பக்கத்தில் நான். அப்பா அதை வெகுநேரம் பார்த்தார், அடிக்கவில்லை.

"அவங்கள் வந்து கேக்க முதல் நாங்களே போய்ச் சொல்லுவம்," என்றார்.

"எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவினமோ, அப்பா?"

"தெரியாது பிள்ளை. வெளிக்கிடு."

நாங்கள் புறப்படும்போதே அம்மா உடுப்புகளைப் பைக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டா.

அகதிகளைப் பதியும் அலுவலகத்தில் இருந்த பெண் செய்தியை வாசித்துவிட்டு, இது என்ன விலங்கு என்று என்னிடம் கேட்டார். அடுத்த முறை முன்கூட்டியே அனுமதி கேட்கும்படி சொல்லி, எதையும் எழுதிக்கொள்ளாமல் பத்திரிகையைத் திருப்பித் தந்தார். அதை நான் தமிழில் சொன்னபோது அப்பா நம்பவில்லை.

"வடிவாக் கேட்டனியோ? அவ்வளவுதானோ?"

"ஓம் அப்பா, அவ்வளவுதான்."

நடைபாதை வாங்கில் உட்கார்ந்த அவர் எழும்பக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குப் பிறகும் பல வாரங்கள், தபால்பெட்டி மூடி சத்தமிட்டால், சோறு பிசையும் அவருடைய கை அப்படியே நின்றுவிடும். அந்தக் கைக்கு எதிரே இருந்து சாப்பிட்டதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

இன்று அந்தக் கட்டடம் இல்லை, எங்கள் அட்டைகளும் இல்லை. வேலைக்காக வாரம் இருமுறை லொசான் போய்வருகிறேன். என்னை ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. அப்பா இறப்பதற்கு முந்திய ஆண்டு, தாடையைக் காட்ட அவரையும் அழைத்தேன். அவரிடமும் அப்போது சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தவர், கதவுப் பிடியில் கைவைத்தபடி கேட்டார்: "நாங்கள் போறம் எண்டு ஆருக்கும் சொல்ல வேண்டாமோ, பிள்ளை?"