அரசியின் கவுனுக்குள் மயிலிறகு

தொண்ணூறுகளில் மெல்பேர்ன் நகரத்து நாடக அரங்கு ஒன்றில் நடிகர்களுக்கு உடுப்புப் போட்டுவிடுவது என் வேலை. "தங்கட உடுப்பைத் தாங்களே போடத் தெரியாதோ?" என்று என் கணவர் கேட்டுச் சிரிப்பார். அரசியின் கவுனுக்கு முதுகில் முப்பத்திரண்டு கொக்கிகள். அவர் ஒருநாள் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வருடம் இங்கிலாந்திலிருந்து அரசி வேடத்துக்கு வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். தாத்தா கோமாளி, அப்பா வில்லன், அம்மா அரசி என்று குடும்பமே மேடையில் வாழ்ந்தது. தவழும் முன்பே கூடையில் கிடக்கும் பிள்ளையாக இவரும் மேடை ஏறிவிட்டார். நான் கொக்கி கொக்கியாகப் பூட்டிக்கொண்டு போக, அவர் கண்ணாடியைப் பார்த்தபடி கதை சொல்லுவார். மழை ஓயாத ஊர்கள், ரயில் பெட்டிக்குள் வசனம் பாடமாக்கியது, தொலைக்காட்சியில் இன்ஸ்பெக்டரின் மனைவியாகத் தேநீர் ஊற்றியது. "பதினொரு வருடம் ஊற்றினேன், ஒருவரும் குடிக்கவில்லை," என்பார். பவுடர் வாசத்திலும் மஞ்சள் பல்புகளின் வெளிச்சத்திலும் அதெல்லாம் அரைத் தூக்கத்தில் கேட்கும் கதைபோல இருக்கும். கண்ணாடிக்குள் இருப்பது யாருடைய வாழ்க்கை என்று சில நேரம் எனக்கே பிடிபடாது.

ஒன்றை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். இதே வேடத்தில், இதே வயதில், அவருடைய அம்மா கடைசிக் காட்சியின் நீண்ட பேச்சில் வசனம் மறந்து நின்றுவிட்டார். அதன்பிறகு மேடை ஏறவேயில்லை. "அந்த இடம் வரும்போது எனக்கும் பயம் வந்துவிடுகிறது," என்றார். ஒத்திகையில் இரண்டு தரம் அங்கே அவர் தடுமாறியதை நானும் பார்த்திருந்தேன்.

வீட்டில் சொன்னேன். "கேரம் டவுன்ஸ் கோயில்ல காவடியில இருந்து விழுந்த மயிலிறகு வைச்சிருக்கிறீர்தானே, அதைக் குடுமன். முருகன் பாத்துக்கொள்ளுவார்," என்றார் கணவர். எனக்கும் அது சரியென்று பட்டது. நாடகம் தொடங்கும் நாளன்று மத்தியானம், கவுனின் நெஞ்சுப் பக்க லைனிங்குக்குள் இறகை வைத்துத் தைத்தேன். நுனி மட்டும் கழுத்தோரம் எட்டிப் பார்த்தது.

மாலையில் நடிகைக்குக் கவுனைப் போட்டுவிடும்போது அதை உடுப்பறைப் பொறுப்பாளர் கண்டுவிட்டார். "மயிலிறகா? மேடைக்கா?" என்று அவர் அலறியது தெருவுக்கே கேட்டிருக்கும். ஆங்கில நாடகக்காரருக்கு மயிலிறகு ஆகாதாம்; அதன் கண் நாடகத்தையே கெடுத்துவிடுமாம். எனக்கு எங்கே தெரியும்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். "பிரித்து எறிந்துவிட்டு வீட்டுக்குப் போ," என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலை போவதற்காக அல்ல. அந்த மனுஷிக்கு நானே கெடுதல் வைத்துவிட்டேனே என்றுதான்.

நடிகையின் முகம் வெளுத்திருந்தது. "எதற்காக வைத்தீர்கள்?" என்று கேட்டார். முருகனையும் காவடியையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் இறகின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுக்குள் மயிலிறகு நுழைந்ததில்லை. அப்படியும் அம்மாவுக்கு வசனம் மறந்தது," என்றவர் என் பக்கம் முதுகைத் திருப்பினார். "பூட்டுங்கள்."

அன்றிரவு கடைசிக் காட்சியில் நான் திரையோரம் நின்றேன். அந்த இடம் வந்ததும் அவர் நிறுத்திவிட்டார். அரங்கில் ஒருவரும் இருமக்கூட இல்லை. முருகா, முருகா என்று என் வாய் முணுமுணுத்தது. அவர் கை மெதுவாக நெஞ்சுக்குப் போனது. பிறகு ஒரு சொல் பிசகாமல் பேசி முடித்தார்.

உள்ளே வந்ததும், "உங்கள் கடவுள் படுமோசமாகக் குத்துகிறார். அந்தக் கோபத்தில் பயப்பட மறந்துவிட்டேன்," என்றார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

நாடகம் ஆறு வாரம் ஓடியது. அவர் ஊருக்குப் போனபின், கவுனைக் கழுவக் கொடுக்குமுன் இறகை எடுக்கலாம் என்று லைனிங்கைப் பிரிக்கப் போனேன். இறகு இல்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் பூட்டிவிட உடுத்திய அந்த மனுஷி, அந்த இடத்தைத் தன் கையாலேயே தைத்து மூடியிருந்தார், கறுப்புத் துணியில் வெள்ளை நூலால், கோணல்மாணலாக.